ஆட்டத்துக்கு முன் ஆள்

(உடற்கல்வி ஆசிரியர்களும் விளையாட்டு ஆர்வலர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கால்பந்து பற்றிப் பேச வந்தவன் கோல்களைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று கோல் அடித்தவர்கள் சற்று நேரம் ஓரமாக உட்காரட்டும். கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறாரே ஒரு மனிதர், அவரைப் பற்றிப் பேசுகிறேன். பயிற்சியாளர், அதிலும் ஜெர்மன் பயிற்சியாளர்.

2024 அக்டோபரில் இங்கிலாந்து தன் தேசிய அணிக்குப் புதிய பயிற்சியாளரை அறிவித்தது. கால்பந்தைத் தன் வீட்டுச் சொத்தாக நினைக்கிற நாடு அது. 1966 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனியை வென்ற கதையை அறுபது ஆண்டுகளாகச் சொல்லி அலுக்காத நாடு. அந்த நாடு அழைத்து வந்த பயிற்சியாளர் தாமஸ் டூஹெல், ஒரு ஜெர்மானியர். அவர் ஜெர்மன் தேசிய அணிக்கு ஆடியவரில்லை. முதல் டிவிஷனிலும் ஆடியவரில்லை. இரண்டாம் டிவிஷனில் எட்டு ஆட்டங்கள் ஆடினார், அவ்வளவுதான். முழங்கால் கெட்டு, இருபத்தைந்து வயதுக்குள் ஆட்டம் முடிந்துபோனது. ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு மதுக்கூடத்தில் பரிமாறுகிற வேலை பார்த்தார். அங்கிருந்து தொடங்கி, 2021-ல் செல்ஸி அணிக்கு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

இவர் ஒருவர் மட்டுமென்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். 2019-ல் அதே கோப்பையை லிவர்பூலுக்கு வாங்கித் தந்தவர் யூர்கன் க்ளோப். 2020-ல் பயர்ன் மியூனிக்குக்கு வாங்கித் தந்தவர் ஹான்ஸி ஃப்ளிக். மூன்று ஆண்டுகள், மூன்று கிளப்புகள், மூவரும் ஜெர்மானியர்கள். 2020 அரையிறுதியில் நின்ற நான்கு பயிற்சியாளர்களில் மூவர் ஜெர்மானியர்கள்: ஃப்ளிக், டூஹெல், யூலியன் நாகெல்ஸ்மான். இவர்களில் ஃப்ளிக் ஒருவர்தான் பெரிய கிளப்பில் ஆடிப் பெயர் எடுத்தவர். க்ளோப் இரண்டாம் டிவிஷனைத் தாண்டாதவர். நாகெல்ஸ்மான் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர்.

ஆடிப் புகழ் பெறாதவர்கள் எப்படி ஆட்டுவிப்பதில் இவ்வளவு உயரம் போனார்கள்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர் பதவி ஜெர்மனியில் ஓய்வுபெற்ற நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் பரிசாக இருக்கவில்லை. படித்து, தேர்வு எழுதி, தேற வேண்டிய ஆசிரியத் தொழிலாக இருந்தது. ஆசிரியருக்குப் பாடம் மட்டும் தெரிந்தால் போதாது, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை அவர்கள் எப்படி வளர்த்தார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

கதை 1947-ல் தொடங்குகிறது. போர் முடிந்து இரண்டே ஆண்டு. நகரங்கள் இடிபாடுகளாகக் கிடக்கின்றன. 1950 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு இடமே கொடுக்கப்படவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் கொலோன் நகரின் விளையாட்டுக் கல்லூரியில் செப் ஹெர்பெர்கர் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு ஒரு வகுப்பைத் தொடங்கினார். அணி தயாராவதற்கு முன் ஆசிரியர்கள் தயாராக வேண்டும் என்ற கணக்கு அது.

இந்த ஹெர்பெர்கர்தான் 1954-ல் பெர்ன் நகரில் ஹங்கேரியை 3-2 என்று வென்று மேற்கு ஜெர்மனிக்கு முதல் உலகக் கோப்பையைக் கொண்டுவந்தார். அந்தத் தொடரின்போது அணி சுவிட்சர்லாந்தின் ஷ்பீட்ஸ் என்ற ஏரிக்கரை ஊரில் தங்கியிருந்தது. கேப்டன் ஃப்ரிட்ஸ் வால்டர் எளிதில் மனம் சோர்ந்துபோகிறவர். ஒரு ஆட்டம் சரியில்லை என்றால் இரவெல்லாம் தன்னையே குறைசொல்லிக்கொள்வார். அவருடைய அறையில் யாரைத் தங்க வைப்பது என்று ஹெர்பெர்கர் யோசித்தார். ஹெல்முட் ரானைப் போட்டார். ரான் வாயாடி, குறும்புக்காரர், எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளாதவர். அறைப் பங்கீடும் பயிற்சியின் ஒரு பகுதி என்று அந்தக் கிழவருக்குத் தெரிந்திருந்தது. இறுதி ஆட்டத்தின் 84-வது நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தவர் அதே ரான்.

ஹெர்பெர்கரின் முதல் வகுப்பில் மாணவராக உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஹென்னஸ் வைஸ்வைலர். 1957 முதல் 1970 வரை அந்தப் பள்ளியை அவரே நடத்தினார். அதே காலத்தில் 1964-ல் மியூன்ஷன்கிளாட்பாக் என்ற சிறு நகரத்து அணியையும் எடுத்துக்கொண்டு, நெட்ஸர், ஃபோக்ட்ஸ், ஹைன்கஸ் போன்ற இளைஞர்களை வளர்த்து நாட்டின் சாம்பியனாக்கினார். காலையில் பாடம் நடத்துவார். அந்தப் பாடத்தை மைதானத்தில் செய்தும் காட்டுவார். பிற்பாடு அந்தப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இந்தப் பரம்பரையில் இன்னொருவரையும் சொல்லாமல் போகக் கூடாது: டெட்மார் கிராமர். குள்ளமான மனிதர், பேராசிரியர் என்று பட்டப்பெயர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கைச் சொந்த ஊரில் நடத்தப்போகும் ஜப்பான், தன் கால்பந்து அணி மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஜெர்மனியிடம் உதவி கேட்டது. 1960-ல் கிராமர் போனார். வீரர்களோடு ஒரே விடுதியில் தங்கினார், அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டார், பந்தை நிறுத்துவது எப்படி, உதைப்பது எப்படி என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். 1964-ல் ஜப்பான் அர்ஜென்டினாவை 3-2 என்று வென்றது. ஒலிம்பிக் முடிந்து கிளம்பும்போது, ஒரு தேசிய லீக் தொடங்குங்கள், பயிற்சியாளர்களுக்குப் படிப்பு வையுங்கள் என்று யோசனை சொன்னார். 1965-ல் லீக் தொடங்கியது. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு வெண்கலப் பதக்கம். கிராமரோ பின்னால் பயர்ன் மியூனிக்குக்குப் போய் 1975-லும் 1976-லும் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். ஒன்றுமில்லாத இடத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியராகவும், உச்சியில் இருக்கும் அணிக்குத் தலைமை ஆசிரியராகவும் ஒரே மனிதரால் இருக்க முடிந்தது.

கொலோன் பள்ளி கொடுத்த பட்டயத்தின் மரியாதை எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று போதும். 1984-ல் ஃப்ரான்ஸ் பெக்கன்பவர் தேசிய அணியைப் பொறுப்பேற்றார். ஜெர்மனி பெற்ற மிகப் பெரிய ஆட்டக்காரர் அவர். ஆனால் பயிற்சியாளர் உரிமம் அவரிடம் இல்லை. அதனால் ‘தேசியப் பயிற்சியாளர்’ என்ற பதவிப் பெயரை அவருக்குக் கொடுக்கவில்லை. ‘அணிப் பொறுப்பாளர்’ என்று வேறொரு பெயர் வைத்தார்கள். 1990-ல் உலகக் கோப்பையை வென்றபோதும் அந்தப் பெயர்தான். விதியை வளைத்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம், வளைத்தார்கள்தான். ஆனால் வளைப்பதற்குக்கூட ஒரு விதி இருந்தது. பெக்கன்பவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

பள்ளி இருந்தது, பரம்பரை இருந்தது. இருந்தும் ஒரு கட்டத்தில் வீடு இடிந்து விழுந்தது. அது 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பை. ருமேனியாவோடு 1-1. இங்கிலாந்தோடு 0-1. கடைசியாக ராட்டர்டாமில் போர்ச்சுகலோடு 0-3; அதுவும் போர்ச்சுகல் தன் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்திருந்த நாளில். மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல், அதை அடித்தவர் மெஹ்மெட் ஷோல். அணியில் 39 வயது லோதர் மத்தேயுஸ் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வருவதற்கு ஆள் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

தோற்றால் பயிற்சியாளரை மாற்றுவது உலக வழக்கம். அவர்களும் மாற்றினார்கள். ஆனால் அதோடு நிற்காமல் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வருகிறார்கள், அவர்களை யார் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள்.

முதல் கேள்விக்கு விடையாக, ஜெர்மனியின் தொழில்முறை லீக்கான புண்டஸ்லிகாவில் ஆட வேண்டுமானால் ஒவ்வொரு கிளப்பும் இளையோர் அகாடமி நடத்தியே தீர வேண்டும் என்று விதி வந்தது. 2001-ல் முதல் டிவிஷனுக்கு, அடுத்த ஆண்டு இரண்டாம் டிவிஷனுக்கு. அகாடமி இல்லையென்றால் உரிமம் இல்லை. 2002-ல் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் நாடு முழுவதும் 350-க்கும் மேற்பட்ட பயிற்சி மையங்களைத் திறந்தது. பெரிய கிளப்புகளின் கண்ணில் படாத சிற்றூர்ப் பிள்ளைகள், 11 முதல் 14 வயதுக்காரர்கள், வாரம் ஒரு மாலை அங்கே வந்து கூடுதல் பயிற்சி பெறலாம். பிள்ளை வீட்டைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பயிற்சியாளர் பிள்ளையின் ஊருக்குப் பக்கத்தில் வருவார்.

அப்படி வருவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வேண்டியிருந்தது. இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பின்னால் வெளியான ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கணக்கு ஒன்றின்படி, ‘பி’ உரிமம் பெற்ற பயிற்சியாளர்கள் அப்போது ஜெர்மனியில் ஏறத்தாழ 28,400 பேர். இங்கிலாந்தில் 1,759 பேர். அதற்கு மேலான ‘ஏ’ உரிமம் ஜெர்மனியில் 5,500, இங்கிலாந்தில் 895. உச்ச உரிமம் ஜெர்மனியில் 1,070, இங்கிலாந்தில் 115. உலகத்தின் பணக்கார லீக்கை நடத்தும் நாடு வெளியிலிருந்து பயிற்சியாளரைத் தேட வேண்டி வந்த காரணம் இந்த எண்களுக்குள் இருக்கிறது.

சரி, அந்த உச்ச உரிமத்துக்கான படிப்பு எப்படி இருந்தது? கொலோனிலிருந்த வகுப்பு 2011-ல் பக்கத்து ஹென்னெஃப் ஊரின் விளையாட்டுப் பள்ளிக்கு மாறியது. 2008 முதல் பத்தாண்டு ஃப்ராங்க் வோர்முட் அதை நடத்தினார். ஆண்டுக்கு இருபத்தைந்து இடங்களுக்குள்தான். சுமார் பத்து மாதம், 800 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பாடம். ஆட்டத் தந்திரம், உடற்பயிற்சி அறிவியல், விளையாட்டு மருத்துவம் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே உளவியலும், கற்பிக்கும் முறையும், பேச்சுக் கலையும் பாடங்கள். நடுவில் ஒரு தொழில்முறை கிளப்பில் பல வாரம் உடனிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். முடிவில் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, அதோடு தேர்வாளர்கள் பார்க்க மைதானத்தில் ஒரு பயிற்சி வகுப்பை நடத்திக் காட்டும் தேர்வு. அந்த மூன்றாவது தேர்வில்தான் சாயம் வெளுக்கும். பலகையில் அம்புக்குறி போட எல்லோருக்கும் வரும். ஒரு பையன் மூன்றாவது முறையும் அதே தவறைச் செய்யும்போது உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்பதை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது.

வகுப்பறைக்கு இன்னொரு பயனும் இருந்தது. 2000-ல், தேசிய அணிக்குப் பலமுறை ஆடியவர்களுக்காக ஒரு சுருக்கப் படிப்பு நடந்தது. யூர்கன் க்ளின்ஸ்மான் அதில் மாணவர். நட்சத்திரம் என்று சொல்ல முடியாத யோவாஹிம் லூவும் அங்கே உட்கார்ந்திருந்தார். டிஃபென்ஸில் நால்வர் கோடு எப்படி நகர வேண்டும் என்பதை லூவ் விளக்கியது க்ளின்ஸ்மான் மனத்தில் பதிந்துபோனது. 2004-ல் தேசிய அணி க்ளின்ஸ்மான் கைக்கு வந்தபோது உதவியாளராக அவர் கூப்பிட்டது லூவைத்தான். பத்தாண்டுக்குப் பிறகு உலகக் கோப்பையை வென்றவர் அந்த லூவ்.

இப்போது இந்தப் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். ஆட்டக்காரராகப் பெயர் எடுக்காத ஒருவர் பெரிய அணியின் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நுழைகிறார். எதிரே கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் இருபத்தைந்து பேர். ‘நான் இப்படித்தான் ஆடினேன், நீயும் ஆடு’ என்று சொல்ல அவரால் முடியாது. அதிகாரத்தைக் கடன் கொடுக்கப் பழைய புகழ் இல்லை. அவரிடம் இருப்பவை இரண்டுதான்: ஏன் என்று விளக்கும் அறிவு, ஆளுக்கு ஆள் வேறுபடும் மனத்தைப் படிக்கும் திறன். ஜெர்மன் பயிற்சியாளர்களின் மனித அணுகுமுறை கருணையிலிருந்து மட்டும் பிறந்ததாக நான் நினைக்கவில்லை. தேவையிலிருந்து பிறந்தது. கட்டளையிட முடியாதவர்கள் புரியவைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

1998 டிசம்பரில் ரால்ஃப் ராங்னிக் என்ற பயிற்சியாளர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பலகையில் காந்தவில்லைகளை நகர்த்தி நால்வர் டிஃபென்ஸை விளக்கினார். பழைய ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள், ‘பேராசிரியர்’ என்று கிண்டல் செய்தார்கள். டூஹெலுக்கு முதல் பயிற்சியாளர் வேலையை வாங்கிக் கொடுத்தவர் இந்த ராங்னிக்தான். பிற்பாடு ஆக்ஸ்பர்க் கிளப்பில், முழங்கால் கெட்டு இருபது வயதில் ஆட்டத்தை விட்ட நாகெல்ஸ்மானை எதிரணிகளைப் பார்த்துக் குறிப்பெழுதும் வேலைக்கு அனுப்பியவர் டூஹெல். ஒரு கை அடுத்த கையைப் பிடித்துத் தூக்கியது.

2016 பிப்ரவரியில் ஹோஃபன்ஹைம் அணி நாகெல்ஸ்மானிடம் வந்தது. அவருக்கு வயது 28. அணியிலிருந்த கெவின் குரான்யி அவரைவிட ஐந்து வயது மூத்தவர். பட்டியலில் கடைசிக்கு முந்திய இடம். உச்ச உரிமப் படிப்பே அவருக்கு இன்னும் முடியவில்லை. தேர்வுக்கும் படித்துக்கொண்டு அணியையும் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றினார். அடுத்த பருவத்தில் நான்காம் இடம், அதற்கடுத்து மூன்றாம் இடம். பயிற்சியாளர் வேலையில் முப்பது சதவீதம்தான் ஆட்டத் தந்திரம், எழுபது சதவீதம் மனிதர்களோடு பழகும் திறன் என்று அவர் சொன்னது பலமுறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. தந்திரத்தில் வல்லவர் என்று பெயர் வாங்கியவர் இதைச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

அந்த எழுபது சதவீதம் நடைமுறையில் எப்படியிருக்கும்? க்ளோப்பைப் பாருங்கள். 2001 பிப்ரவரியில் மைன்ஸ் கிளப்பின் ஆட்டக்காரராக இருந்தவரை ஒரே நாளில் பயிற்சியாளராக்கினார்கள். 2002-ல் ஒரு புள்ளியில் முதல் டிவிஷன் வாய்ப்புப் போனது. 2003-ல் ஒரே ஒரு கோல் கணக்கில் போனது. அழுத ஊரின் முன்னால் நின்று, மறுபடியும் எழுவோம் என்று பேசினார், 2004-ல் ஏறினார்கள். ஏறியதும் அணியை ஸ்வீடனில் ஒரு ஏரிப் பக்கம் அழைத்துப்போய், மின்சாரமும் உணவும் இல்லாமல் சில நாள் ஒன்றாக வாழவைத்தார். மழையில் நனைந்து, மீன் பிடித்துத் தின்று திரும்பியவர்களுக்கு முதல் டிவிஷனைக் கண்டு பயமில்லை. 2015-ல் லிவர்பூல் வந்த முதல் நாளே, சந்தேகப்படுகிறவர்கள் நம்புகிறவர்களாக மாற வேண்டும் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். பயிற்சி மைதானத்தில் சமைப்பவர், துணி துவைப்பவர், வரவேற்பில் உட்காருபவர் எல்லோரையும் வீரர்கள் முன்னால் நிறுத்தி அறிமுகம் செய்து, இவர்கள் உங்களுக்காக உழைக்கிறார்கள், இவர்கள் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

க்ளோப் எல்லோருக்கும் தெரிந்தவர். எனக்குப் பிடித்தவர் ஃப்ரைபர்க் கிளப்பின் கிறிஸ்டியான் ஸ்ட்ரைஷ். இறைச்சிக் கடைக்காரரின் மகன்; வேலைக்குப் போய்விட்டுப் பின்னால் படித்து, ஜெர்மன் மொழியும் வரலாறும் விளையாட்டும் கற்று ஆசிரியருக்குத் தகுதி பெற்றவர். 1995 முதல் அந்தக் கிளப்பின் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த அகாடமியில் பள்ளிப் படிப்பைக் கைவிட யாரையும் விடுவதில்லை, ஏனென்றால் அங்கே சேரும் பையன்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரராக ஆகப்போவதில்லை என்பது கிளப்புக்குத் தெரியும். 2011 கடைசியில், பட்டியலின் அடியில் கிடந்த முதல் அணியை ஸ்ட்ரைஷிடம் கொடுத்தார்கள். 12-ஆம் இடத்தில் முடித்தார். 2015-ல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. வேறு எந்தக் கிளப்பாக இருந்தாலும் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். ஃப்ரைபர்க் அவரை வைத்துக்கொண்டது. மறு ஆண்டே முதலிடம் பிடித்துத் திரும்பினார். 2022-ல் ஜெர்மன் கோப்பையின் இறுதிவரை போனார். 2024-ல் தானாக விடைபெற்றார். பத்திரிகையாளர் சந்திப்புகளில் அகதிகளைப் பற்றியும் இனவெறியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவார். இந்தக் கதையில் ஒரு நிர்வாகப் பாடம் இருக்கிறது: பயிற்சியாளர் பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்க வேண்டுமென்றால், அவரிடம் நிர்வாகம் பொறுமையாக இருக்க வேண்டும்.

பெண்களின் பக்கமும் அந்தப் பயிற்சியாளர் பள்ளி முக்கியமானது. அங்கே உச்ச உரிமம் பெற்ற முதல் பெண் டினா டொய்னே. 2003-ல் ஜெர்மன் பெண்கள் அணிக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கித் தந்தவர் அவரே. அவருடைய உதவியாளர் ஸில்வியா நைட் 2007-ல் மீண்டும் வென்றார். 2023 நவம்பரில் மரீ-லூயிஸ் எட்டா, யூனியன் பெர்லின் கிளப்பில், புண்டஸ்லிகா ஆண்கள் அணி ஒன்றின் முதல் பெண் துணைப் பயிற்சியாளரானார். படித்துத் தேறிய தகுதி என்று ஒன்று இருந்தால், மூடியிருக்கும் கதவையும் ஒருநாள் தட்டலாம்.

இனிக் கசப்பான பகுதி. மனித அணுகுமுறை என்று மேடையில் பேசுவது எளிது. 2009 நவம்பர் 10 அன்று, ஹனோவர் கிளப்பின் கேப்டனும் தேசிய அணியின் கோல்கீப்பருமான ராபர்ட் என்கே தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பல ஆண்டாக மனச்சோர்வு நோயோடு போராடியவர். வெளியே தெரிந்தால் ஆட்டமும் போய்விடும், குழந்தையையும் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சி மறைத்தே வாழ்ந்தார். தேசிய அணிக்கு 2004 முதலே ஹான்ஸ்-டீட்டர் ஹெர்மான் என்ற உளவியலாளர் இருந்தார். அப்படியிருந்தும் ஒருவருடைய துயரம் அணிக்குத் தெரியாமல் போயிற்று. ஆள் நியமித்தால் மட்டும் போதாது, வாய்விட்டுச் சொன்னால் தண்டனை இல்லை என்ற நம்பிக்கையும் வேண்டும் என்பதை அந்த மரணம் காட்டியது. மறு ஆண்டு அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, விளையாட்டு வீரர்களின் மனநலத்துக்கு உதவி செய்கிறார்கள். 2011 செப்டம்பரில் ஷால்கே அணியின் பயிற்சியாளர் ராங்னிக், உடலும் மனமும் களைத்துவிட்டன, விலகுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு வேலைக்குத் திரும்பினார். சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி 2024-ல் க்ளோப்பும் லிவர்பூலைவிட்டு விலகினார். பயிற்சியாளரும் மனிதர்தான் என்று சொல்ல முடிவது ஒரு முன்னேற்றம்.

2017 ஏப்ரல் 11 அன்று, ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த டார்ட்முண்ட் அணியின் பேருந்துக்குப் பக்கத்தில் குண்டுகள் வெடித்தன. மார்க் பார்ட்ரா என்ற ஆட்டக்காரருக்குக் கையில் அறுவை சிகிச்சை. ஆட்டம் மறுநாளே நடந்தது. பயிற்சியாளர் டூஹெல், எங்களை யாரும் கேட்கவில்லை, நடந்ததை ஜீரணிக்க எங்களுக்கு நேரம் தேவைப்பட்டது என்று வெளிப்படையாகக் குறைப்பட்டார். நிர்வாகத்தோடு அவருக்கு ஏற்கெனவே இருந்த உரசல் முற்றியது. மே 27-ல் ஜெர்மன் கோப்பையை வென்றார். மே 30-ல் பதவி போனது. டூஹெல் எல்லோரிடமும் இணக்கமாகப் போகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்த வாரம் அவர் ஆட்டக்காரர்கள் பக்கம் நின்றார்.

அடுத்த கசப்பு ஒரு வெற்றியிலிருந்து தொடங்குகிறது. 2014 பிரேசில் உலகக் கோப்பையில் ஜெர்மன் அணி ‘காம்போ பாஹியா’ என்ற முகாமில் தங்கியது. ஒரே பெரிய ஹோட்டலில் ஆளுக்கொரு அறை எடுக்காமல், சில வீடுகளில் பிரிந்து தங்கினார்கள். ஒரே கிளப்புக்காரர்கள் தனிக் கூட்டமாக ஒதுங்காதபடி கலந்து போட்டார்கள். ஹெர்பெர்கர் ஒரு அறையில் செய்ததை லூவ் ஒரு முகாம் முழுக்கச் செய்தார். அரையிறுதியில் பிரேசிலை 7-1, இறுதியில் அர்ஜென்டினாவை 1-0. அகாடமிகளில் வளர்ந்த தலைமுறை அது.

நான்கு ஆண்டுக்குப் பிறகு அதே லூவ், அதே சங்கம், 2018 உலகக் கோப்பையின் முதல் சுற்றில் தன் குழுவிலேயே கடைசி இடம். தொடருக்கு முன்பே மெசுட் ஓசில் துருக்கி அதிபரோடு எடுத்த புகைப்படம் பெரிய சர்ச்சையாகியிருந்தது. தோற்றதும் பழி அவர் மேல் சாய்ந்தது. கெல்சன்கிர்ஷனில் பிறந்து வளர்ந்து, 2014 கோப்பையை வென்ற அணியில் ஆடியவர், இனவெறியோடு நடத்தப்பட்டேன் என்று சொல்லி ஜூலை 22 அன்று விலகினார். சங்கம் குற்றச்சாட்டை மறுத்தது. புகைப்படத்தைப் பற்றி யாருக்கும் கருத்து இருக்கலாம். ஆனால் ஆளைப் புரிந்துகொள்வதைப் பாடமாக வைத்த ஓர் அமைப்பு, தன் சொந்த ஆட்டக்காரரோடு உட்கார்ந்து பேசி முடிக்க முடியாமல் போனது தோல்விதான். ஜெயிக்கும்போது அணைப்பதும் தோற்கும்போது தள்ளுவதும் மனித அணுகுமுறை ஆகாது. 2022-லும் முதல் சுற்றோடு திரும்பினார்கள். 2023 செப்டம்பரில், லூவுக்குப் பின் வந்த ஹான்ஸி ஃப்ளிக், ஜெர்மன் தேசிய அணி வரலாற்றில் பதவி நீக்கம் செய்யப்பட்ட முதல் பயிற்சியாளர் ஆனார்.

பயிற்சியாளர் பள்ளியின் மேலும் விமர்சனம் வந்தது. 2000-ல் அந்த ஒற்றைக் கோலை அடித்த மெஹ்மெட் ஷோல், பிறகு அதே உரிமத்தைப் படித்துப் பெற்றவர். லேப்டாப் பயிற்சியாளர்களை உருவாக்குகிறீர்கள், பிள்ளைகளுக்கு ஆட்ட அமைப்புகளை மனப்பாடம் செய்விக்கிறீர்கள், எதிராளியை ஏமாற்றிக் கடக்கும் துணிச்சல் செத்துவிட்டது என்று அவர் சாடினார். கடுமையான பேச்சுதான். ஆனால் ஒருவரை ஒருவர் எதிர்கொள்ளும் ஆட்டத்தில் ஜெர்மனி பின்தங்கிவிட்டது என்பதைச் சங்கமும் ஒப்புக்கொண்டது.

அதற்கு அவர்கள் கண்ட மருந்து மறுபடியும் அடியிலிருந்துதான் தொடங்குகிறது. 2024-25 பருவத்திலிருந்து நாடு முழுக்கச் சின்னக் குழந்தைகளின் கால்பந்து மாறியிருக்கிறது. மிகச் சிறியவர்கள் இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என்று சின்னஞ்சிறு கோல்களில் ஆடுகிறார்கள். புள்ளிப் பட்டியல் கிடையாது. காரணம் எளிது. பெரிய மைதானத்தில் பலரை இறக்கிவிட்டால், வளர்ந்த பையன் இருவர் பந்தை வைத்துக்கொள்வார்கள். மீதிப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆள் குறைந்தால் ஒவ்வொரு குழந்தையின் காலுக்கும் பந்து வரும், ஒவ்வொரு குழந்தையும் கோல் அடிக்கும். போட்டி மனப்பான்மை போய்விடும் என்று அங்கே பெரிய தலைகளே எதிர்த்தார்கள். இதன் பலனை அறியப் பத்துப் பதினைந்து ஆண்டாகும். ஆனால் தோல்விக்கு மருந்தைக் குழந்தைகளிடம் தேடிப்போவது அந்த நாட்டின் பழக்கமாகிவிட்டது.

நண்பர்களே, இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது மூன்று. ஒன்று, நன்றாக ஆடுவது வேறு, நன்றாகச் சொல்லிக்கொடுப்பது வேறு. இரண்டாவதற்குத் தனிப் படிப்பு வேண்டும். இரண்டு, மனிதர்களைப் புரிந்துகொள்வது பிறவிக் குணம் என்று விட்டுவிடக் கூடாது. அதைப் பாடமாக வைக்கலாம், பார்த்துத் திருத்தலாம். மூன்று, அந்தப் பாடம் ஒருமுறை தேறினால் முடிந்துபோகிற பாடமில்லை. உலகக் கோப்பை வென்றவர்களே நான்கு ஆண்டில் அதை மறந்தார்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் அகாடமி இருக்காது, உளவியலாளர் இருக்க மாட்டார், சில பள்ளிகளில் உருப்படியான பந்துகூட இருக்காது. ஆனால் அணித் தேர்வு நாளில், பட்டியலில் பெயர் வராத பிள்ளை ஒருவன் இருப்பான். அவனைக் கூப்பிட்டு, ஏன் எடுக்கவில்லை, அடுத்த முறைக்கு எதை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஐந்து நிமிடம் சொல்லுங்கள். பள்ளி நிர்வாகிகளிடமும் ஒன்று கேட்கிறேன். விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். உங்கள் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி முகாமுக்கு விடுப்புக் கேட்டால் மறுக்காதீர்கள். பெற்றோர்கள், பிள்ளை ஆடிவிட்டு வந்ததும் ‘ஜெயித்தாயா’ என்பதற்கு முன் ‘இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்’ என்று கேளுங்கள். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை. நாளைக்கே தொடங்கலாம்.